நெல்லி கெர்ஷா கேட்ட ஒன்பது வாரக் கூலி

கூட்டுறவுப் பண்டகசாலையில் அங்கத்தினராக இருக்கும் தோழர்களுக்கு ராச்டேல் என்ற ஊரின் பெயர் புதிதல்ல. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள பஞ்சாலை ஊர் அது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்த ஊர் நெசவாளரும் பிற தொழிலாளரும் கூடி, வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் மெழுகுவத்தியும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தனர். கூட்டுறவு வகுப்பு எடுக்கும் எவரும் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அந்தக் கதையைத்தான்.

அதே ராச்டேலில், 1924-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் விடியற்காலையில், ஒரு பெண் தொழிலாளி இறந்து போனார். வயது 33. பெயர் நெல்லி கெர்ஷா. இன்று தொழில்நோய் பற்றி எழுதும் மருத்துவர்களும், நஷ்ட ஈட்டு வழக்கு நடத்தும் வக்கீல்களும் அவர் பெயரை அறிவார்கள். அன்று அவரை அறிந்தவர்கள் கணவர், குழந்தை, கூட வேலை செய்த பெண்கள், வைத்தியம் பார்த்த டாக்டர், அவரோடு கடிதத்தில் வழக்காடிய ஆலை நிர்வாகம் ஆகியோர் மட்டுமே. முதல் கடையைப் பற்றிப் பேசுவதுபோல இந்த அம்மையாரைப் பற்றியும் நம் சங்க வகுப்புகளில் பேச வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1891-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், 1903-ல், பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டுப் பஞ்சாலைக்குப் போனார். அந்த ஊரில் அது அதிசயமில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஐந்து மாதம் பஞ்சாலையில் வேலை பார்த்த பிறகு, வேறோர் ஆலைக்கு மாறினார். அங்கே நூற்றது பஞ்சையல்ல, ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நாரை.

கல்நார் என்றால் நமக்குக் கூரைத் தகடுதான் நினைவுக்கு வரும். அக்காலத்தில் அதன் பெரிய உபயோகம் வேறு. பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் அந்தக் கனிமத்தை நசுக்கினால் நார் நாராகப் பிரியும். அதைப் பஞ்சுபோலவே கார்டிங் இயந்திரத்தில் வாரி, நூலாக நூற்று, துணியாக நெய்யலாம். தீப்பிடிக்காது. கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் கப்பல் இயந்திரத்துக்கும் உறை போட அதைவிடச் சிறந்த பொருள் அன்று கிடையாது. ஆகையால் ராச்டேலின் டர்னர் சகோதரர்கள் கம்பெனி 1879 முதலே இயந்திரத்தில் கல்நார் நெய்யத் தொடங்கி, பெரிய கம்பெனியாக வளர்ந்தது. பஞ்சாலையில் பழகிய கைகளுக்கு அந்த வேலை எளிதில் வந்துவிடும். ஊரில் பஞ்சாலைக் கைகளுக்குப் பஞ்சமா?

நூற்பாலைத் தோழர்களுக்குத் தூசியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கார்டிங் அறையில் நின்றவனுக்கு அது தெரியும். ஆனால் இது கல்லின் தூசி. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஊசிகளாக உடைந்து, மூச்சோடு உள்ளே போய், நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். கரையாது, மக்காது. அதைச் சுற்றி உடம்பு தழும்பு போடும். தழும்பு மேல் தழும்பாக ஏறி, பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தோல்போல இறுகிப் போகும். பிறகு மாடிப்படி ஏற முடியாது, தண்ணீர்க் குடம் தூக்க முடியாது. கடைசியில் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கும். வருவதற்கும் பத்து இருபது ஆண்டு ஆகும். வந்தால் போகாது.

நெல்லி அம்மையார் அந்த முதல் கல்நார் ஆலையில் பதினாலு ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்தார். 1910-ல் திருமணம். கணவர் கூரைக்கு ஸ்லேட்டுக் கல் வேய்பவருக்கு உதவியாள். ஒரு பெண் குழந்தை. 1917 டிசம்பர் 31-ஆம் நாள் டர்னர் கம்பெனியில் நூற்பு வேலைக்குச் சேர்ந்தார். 1920-ல், இருபத்தொன்பதாம் வயதில், நோய் தெரிய ஆரம்பித்தது. இருந்தும் வேலைக்குப் போய்க்கொண்டேயிருந்தார். வீட்டு நிலை அது. 1922 ஜூலை 22-ல்தான் டாக்டர் வால்டர் ஜாஸ் என்பவர், இனி இவர் வேலைக்கு லாயக்கில்லை என்று சான்று கொடுத்தார். சான்றில் நோயின் பெயர் ஆஸ்பெஸ்டாஸ் நஞ்சு என்று எழுதப்பட்டது.

தோழர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். டாக்டர் உண்மையை எழுதினார். அந்த உண்மையால் நெல்லி அம்மையாருக்கு ஒரு காசுகூடக் கிடைக்காமல் போயிற்று.

அன்று இங்கிலாந்தில் தொழிலாளிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று 1911-ஆம் ஆண்டின் தேசிய இன்ஷ்யூரன்ஸ். வாராவாரம் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். நோய் வந்தால் அங்கீகரிக்கப்பட்ட சங்கம் ஒன்றின் மூலம் பணம் வரும். நெல்லி அம்மையாரும் அப்படியொரு சங்கத்தில் இருந்தார். அந்தச் சங்கம் சான்றைப் பார்த்தது. இது வேலையால் வந்த நோய், ஆகவே நாங்கள் தரக்கூடாது, முதலாளியிடம் போ என்று சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரிதான்.

இரண்டாவது வழி, 1906-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம். அதற்கு முன் விபத்துக்கு மட்டுமே நஷ்ட ஈடு. 1906-ல்தான் சில நோய்களையும் சேர்த்தார்கள். ஆனால் எல்லா நோயையும் அல்ல. சட்டத்தோடு ஒரு பட்டியல் இணைத்து, ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்சனிக், ஆந்த்ராக்ஸ், சுரங்கத்தில் வரும் கொக்கிப்புழு நோய் என ஆறு நோய்களைக் குறித்தார்கள். பிறகு வேறு சிலவற்றைச் சேர்த்தார்கள். கல்நார் நோய் அதில் இல்லை. கம்பெனி அதைத்தான் பிடித்துக்கொண்டது. கல்நார் விஷமல்ல, அப்படியொரு நோய் இருப்பதாக யாரும் அறியவில்லை, சட்டத்தின் பட்டியலிலும் அது இல்லை, ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது.

சங்கத்துக்குப் போனால் இது ஆலை நோய். ஆலைக்குப் போனால் இது நோயே இல்லை.

வீட்டில் படுத்து ஒன்பது வாரம் ஆன பிறகு நெல்லி அம்மையார் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். சட்டம் பேசும் கடிதமல்ல. இத்தனை வாரமாக ஒரு காசும் வரவில்லை, இன்ஷ்யூரன்ஸும் மறுத்துவிட்டது, சத்துள்ள சாப்பாடு வேண்டியிருக்கிறது, என் குற்றமில்லாமல் இழந்த ஒன்பது வாரக் கூலி எனக்கு வந்திருக்க வேண்டும், என் விஷயத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கும் கடிதம். கம்பெனிக்குள்ளேயோ வேறு கணக்கு ஓடியது. இந்த ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் சில பவுன் பெரிதல்ல. கொடுத்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகும். பிறகு ஒவ்வொருவராக வருவார்கள். ஆகவே கொடுக்கவில்லை.

கம்பெனி சொன்னதுபோல அப்படியொரு நோயை யாருமே அறியாதிருந்தார்களா? இல்லை. 1898-ஆம் ஆண்டிலேயே லூசி டீன் என்ற பெண் பாக்டரி இன்ஸ்பெக்டர், கல்நார்த் தூசியை நுண்ணோக்கியில் பார்க்கச் செய்து, அது கண்ணாடித் துண்டுகள்போலக் கூராக இருப்பதையும், அதனால் தொழிலாளர் உடம்பு கெடுவதையும் அரசாங்க அறிக்கையில் எழுதினார். 1899-ல் லண்டனில் டாக்டர் மான்டேகு மர்ரே என்பவரிடம் கல்நார் ஆலைத் தொழிலாளி ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். கார்டிங் அறையில் தம்மோடு வேலை பார்த்த பத்துப் பேரில் தாம் ஒருவரே மிஞ்சியிருப்பதாகவும், மற்றவர்கள் எல்லாரும் முப்பது வயதையொட்டி இறந்து போனதாகவும் அவர் டாக்டரிடம் சொன்னார். அடுத்த ஆண்டு அவரும் இறந்தார். மர்ரே அந்த நுரையீரலை அறுத்துப் பார்த்து, கல்நார் இழைகளைக் கண்டார்.

இதே மர்ரே 1906-ல், எந்தெந்த நோய்களை நஷ்ட ஈட்டுப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஆராய்ந்த அரசாங்கக் கமிட்டியின் முன் போய்ச் சாட்சி சொன்னார். பத்துப் பேர் கதையையும் சொன்னார். கூடவே, இப்போது ஆலைகளில் தூசியைத் தடுக்கப் பெருமுயற்சி நடப்பதாகத் தாம் கேள்விப்பட்டதையும் சொல்லிவைத்தார். நல்ல மனிதர், நல்லதையே நம்பினார். கமிட்டி கல்நாரைச் சேர்க்கவில்லை. அப்போது நெல்லிக்குப் பதினைந்து வயது. ஆலையில் சேர்ந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அன்று அந்தப் பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தால் பதினாறு ஆண்டு கழித்து அந்தக் கடிதத்துக்கு வேறு பதில் வந்திருக்கும்.

1924 மார்ச்சில் அவர் இறந்தபோது, காரணம் ஆலைத் தூசி என்று டாக்டர் சொன்னதால் கொரோனர் விசாரணை வந்தது. விகன், லீ என்ற ஊர்களின் மருத்துவமனைகளில் நோய்க்கூறு ஆய்வாளராக இருந்த டாக்டர் வில்லியம் குக் நுரையீரலைச் சோதித்தார். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அதில் பழைய காசநோய்த் தழும்பும் இருந்தது. காசம் என்று எழுதி முடித்துவிட்டால் வழக்கே இல்லை. ஏழைக்குக் காசம் வருவதை யார் கேட்பார்கள்? ஆனால் குக் அதோடு நிறுத்தவில்லை. நுரையீரலில் பரவலாக ஏறியிருந்த தழும்பையும், அதற்குள் கூரிய முனைகளோடு கிடந்த கனிமத் துகள்களையும் கண்டார். பாக்டரி மருத்துவ இன்ஸ்பெக்டரிடமிருந்து கல்நார்த் தூசியை வரவழைத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே என்றும், நுரையீரல் இறுகியதற்கும் மரணத்துக்கும் முதற்காரணம் அதுவே என்பதில் ஐயமில்லை என்றும் சாட்சி சொன்னார். கனிமத் துகள்களை மூச்சில் இழுத்ததால் நுரையீரல் தழும்பேறி மரணம் என்று பதிவாயிற்று. அந்த ஜூலையில் குக் தம் ஆராய்ச்சியைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1927-ல் மறுபடியும் எழுதியபோது நோய்க்கு ஆஸ்பெஸ்டாஸிஸ் என்ற பெயரையும் சூட்டினார். இல்லாத நோய் என்று கம்பெனி சொன்னதற்கு மருத்துவ நூல்களில் பெயர் வந்துவிட்டது.

கம்பெனி என்ன செய்தது? குடும்பத்துக்கு ஒன்றும் தரவில்லை. சவ அடக்கச் செலவுக்குக் கேட்டதையும், அது முன்மாதிரியாகிவிடும் என்று மறுத்தது. ராச்டேல் இடுகாட்டில் பெயர்க்கல் இல்லாத குழியில் அவரைப் புதைத்தார்கள்.

குக்கின் கட்டுரைக்குப் பிறகு அரசாங்கத்தால் சும்மா இருக்க முடியவில்லை. 1928-லும் 1929-லும் மெரிவெதர் என்ற மருத்துவ இன்ஸ்பெக்டர் கல்நார் ஆலைத் தொழிலாளர் 363 பேரைச் சோதித்தார். 95 பேருக்கு நுரையீரல் தழும்பு. இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்களை மட்டும் பார்த்தால் ஐந்தில் நால்வருக்கு. பிரைஸ் என்ற பொறியியல் இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து அவர் கொடுத்த அறிக்கை 1930-ல் பாராளுமன்றத்துக்கு வந்தது. 1931-ல் தூசியைத் தடுக்கும் விதிகளும், நஷ்ட ஈட்டுத் திட்டமும் வந்தன.

அந்தத் திட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஏனெனில் பெற்ற வெற்றியில் எத்தனை ஓட்டை இருக்கலாம் என்பதற்கு அது உதாரணம். நூற்பு, நெசவு முதலிய குறிப்பிட்ட வேலைகளில் இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். கப்பல் கட்டும் துறையில் கொதிகலனுக்குக் கல்நார் பூசியவனுக்கு இல்லை. துறைமுகத்தில் கல்நார் மூட்டையை முதுகில் சுமந்தவனுக்கு இல்லை. திட்டம் வருமுன் வேலையை விட்டுப் போனவர்களுக்கும் இல்லை. நோய் இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். பிறகு முன்பு வாங்கிய கூலியில் ஒரு பகுதிதான் நஷ்ட ஈடு. ஆகவே பல பேர் இருமலை மறைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். யாரைக் குறை சொல்வது?

தழும்பு நோய் மட்டும்தான் என்று நினைத்திருந்த காலமும் போயிற்று. 1955-ல் ரிச்சர்ட் டால் என்ற அறிஞர், அதே ராச்டேல் கல்நார் ஆலையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்த 113 ஆண்களின் கணக்கை எடுத்தார். சாதாரண மக்களில் அத்தனை பேருக்கு ஒருவர்கூட நுரையீரல் புற்றுநோயால் இறந்திருக்கக் கூடாத இடத்தில் பதினொருவர் இறந்திருந்தனர். அந்தக் கட்டுரை வெளிவராமல் தடுக்கக் கம்பெனி முயன்றது. டால் வெளியிட்டார். 1960-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், கல்நார்ச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களையும், சுரங்கத்துக்கு அருகே குடியிருந்தவர்களையும்கூடப் பற்றியிருந்தது.

அதன் பின் நடந்த வழக்குகள் ஏராளம். ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது நெல்லி அம்மையார் வாழ்க்கையோடு ஒட்டியது. அவர் இரண்டு ஆலையில் வேலை செய்தவர். எந்த ஆலைத் தூசி கொன்றது? இந்தக் கேள்வி பிற்காலத்தில் எத்தனையோ தொழிலாளரின் வழக்கைக் கெடுத்தது. இரண்டு மூன்று முதலாளிகளிடம் வேலை செய்தவனிடம், புற்றுநோய் தந்த இழை என்னிடத்தில் வந்தது என்று நிரூபி என்றார்கள் ஒவ்வொருவரும். அதை எந்த விஞ்ஞானியும் நிரூபிக்க முடியாது. ஆக எல்லாரும் தப்பித்தார்கள். 2002-ல் பேர்சைல்டு என்ற வழக்கில் பிரபுக்கள் சபை அந்த வாதத்தை உடைத்தது. தூசிக்கு ஆளாக்கித் தொழிலாளியின் ஆபத்தைக் கூட்டியவர் ஒவ்வொருவரும் பொறுப்பாளியே என்று தீர்ப்பாயிற்று. 2006-ல் சட்டமும் வந்து, யாரேனும் ஒருவரிடமே முழுத் தொகையையும் வாங்கலாம் என்றாயிற்று. முதலாளியும் மறைந்து, அவருடைய இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் யாரென்று தெரியாமல் போனவர்களுக்கு 2014-ல் தனி நிதித் திட்டம் வந்தது. கல்நாரையே பிரிட்டன் 1999-ல் முற்றிலும் தடை செய்தது. டர்னர் கம்பெனியின் வாரிசான டர்னர் நியூவால், நஷ்ட ஈட்டு வழக்குகளின் பளு தாங்காமல் 2001-ல் நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போயிற்று.

நெல்லி அம்மையாரின் கடிதமும், கம்பெனிக்குள் ஓடிய கடிதங்களும் நமக்கு எப்படித் தெரிந்தன என்பது ஒரு வேடிக்கை. தொழிலாளி போட்ட வழக்கால் மட்டும் அவை வெளிவரவில்லை. அமெரிக்காவில் சேஸ் மன்ஹாட்டன் என்ற பெரும் வங்கி, தன் வானளாவும் கட்டிடத்தில் பூசியிருந்த கல்நாரை அகற்றும் செலவுக்காக அதே கம்பெனிமேல் வழக்குப் போட்டது. வங்கியின் வக்கீல்கள் கம்பெனியின் பழைய கோப்புகளைக் கட்டுக் கட்டாக நகல் எடுத்தார்கள். 1995-ல் வங்கி வழக்கில் தோற்றது. நகல்கள் மிஞ்சின. ஒரு ஏழைப் பெண்ணின் ஒன்பது வாரக் கூலிக் கணக்கு, ஒரு வங்கியின் கட்டிடக் கணக்கைத் தொற்றிக்கொண்டு வெளியே வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். டர்னர் நியூவால் குழுமத்தின் தொழில் இந்தியாவிலும் இருந்தது. இங்கே பெரும்பாலும் நூலல்ல, சிமெண்டோடு கல்நார் கலந்த கூரைத் தகடு. நெல்லி அம்மையார் படுக்கையில் கிடந்த 1923-ஆம் ஆண்டில்தான் இந்தியாவுக்கும் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது, அதே பட்டியல் முறையோடு. கல்நார் நோய் அந்தப் பட்டியலில் பிற்காலத்தில் சேர்ந்தது. 1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வு பெற்றபின் 15 ஆண்டு, இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும். நோய் கண்டால், ஆமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்நல நிலையம் மறுபரிசோதனை செய்ய வேண்டும். உறுதியானால் ஒரு லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் ஆலை கொடுக்க வேண்டும்.

ஆகையால் ஆலைத் தோழர்கள் வேலைச் சீட்டையும் சம்பளத் துண்டையும் மார்பு எக்ஸ்ரே படத்தையும் வேலையை விட்ட பிறகும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் வர இருபது முப்பது ஆண்டு ஆகலாம். இருமலோடு மருத்துவமனைக்குப் போனால், என்ன வேலை செய்தேன், எந்தத் தூசியில் நின்றேன், எத்தனை ஆண்டு என்று கேளாமலே டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கல்குவாரியிலும் தகட்டு வேலையிலும் நுரையீரல் கெட்டவர்கள் எத்தனையோ பேர் இந்த நாட்டில் காசநோயாளி என்ற சீட்டோடு மாண்டிருக்கிறார்கள்.

ஆலைக்கு வெளியே இருப்பவர்களின் பாடு இன்னும் மோசம். கொட்டகை போடும் இடங்களில் தகட்டை வாளால் அறுப்பவர், துளை போடுபவர், பழைய கூரையை உடைத்து வண்டியில் ஏற்றுபவர் ஆகியோர் எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. 1931-ன் திட்டத்தில் விட்டுப்போன துறைமுகச் சுமைகாரரின் நிலைதான் அவர்களுக்கு. முதலில் அவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளும் வேலையைக் கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் இந்த மாதமே தொடங்கலாம். நல வாரிய அட்டை இருப்பவர் யார், இல்லாதவர் யார், தகட்டு வேலையில் எத்தனை ஆண்டு என்று மூன்று வரி எழுதினால் போதும்.